கட்டங்களால் கூட்டம் சேர்த்தவர்: எஸ். எஸ். வாசன்

தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பைப் புரட்டிப் பழகியவர்களுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி புதியதன்று. கறுப்பும் வெள்ளையுமாகச் சில கட்டங்கள், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று சில குறிப்புகள், அடியில் பெயரும் முகவரியும் எழுத ஒரு சிறு கூப்பன். அதைக் கத்தரித்து, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியவர் நம் குடும்பங்களில் ஒருவராவது இருப்பார். பரிசு கிடைத்ததா என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். ஆனாலும் அடுத்த வாரம் மீண்டும் கத்தரிக்கோலைத் தேடுவார்.

இந்தச் சின்னஞ்சிறு கட்டங்களுக்கு என்ன ஆற்றல் உண்டு என்பதைத் தமிழுலகில் மிக நன்றாக உணர்ந்திருந்தவர் ஒருவர். கட்டங்களை நிரப்ப வந்தவர்களை வார இதழின் வாசகர்களாக்கினார். வாசகர்களைத் திரைப்பட ரசிகர்களாக்கினார். அவர்தாம் ஆனந்த விகடன் அதிபரும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனருமான எஸ். எஸ். வாசன். திரைப்படத் தயாரிப்பாளர் என்ற அளவில் அவரை நம்மில் பலர் அறிவோம். மக்களின் ஆர்வத்தை எப்படித் தட்டி எழுப்புவது என்று வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டிருந்த மாணவர் என்ற வகையில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அந்தக் கோணத்திலிருந்து அவர் வாழ்க்கையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயின் நிழலில்

தஞ்சைத் தரணியில் உள்ள திருத்துறைப்பூண்டியில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் சீனிவாசன். வாசன் என்பது அப்பெயரின் சுருக்கம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு முழுவதும் தாயார் வாலாம்பாள் மீது விழுந்தது. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தாய் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்தார். கணவனை இழந்த ஒரு பெண், அக்காலத்தில், கையில் பெரிய பொருளும் இல்லாமல் பட்டணத்தில் காலூன்றியது சாதாரணச் செயலன்று. தோட்டத்தில் பால்வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களை அறிந்த நமக்கு அந்த உறுதி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

வாசன் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறும்வரை படிப்பைத் தொடரவில்லை. வருமானம் தேட வேண்டிய நிலை. இதழ்களுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் வேலையை மேற்கொண்டார். கூடவே சிறு சிறு பொருள்களைத் தபால் வழியாக விற்கும் வணிகத்தையும் நடத்தினார். இதழில் ஒரு விளம்பரம் வரும். அதைப் படித்த ஒருவர் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து கடிதம் போடுவார். பொருள் தபாலில் போகும். பணம் தபாலில் வரும். வாங்குபவரின் முகத்தை விற்பவர் பார்ப்பதே இல்லை.

இந்த வணிகமே வாசனுக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது எனலாம். முகம் தெரியாத மனிதரின் மனத்தில் ஓர் ஆசையை எழுப்ப எத்தனை சொற்கள் வேண்டும்? எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்? எந்த விளம்பரத்துக்குக் கடிதங்கள் குவிகின்றன, எதற்கு ஒன்றுகூட வருவதில்லை? இவற்றைக் கற்றுத்தரும் பாடநூல் அன்று தமிழில் இல்லை. நாள்தோறும் வந்த தபால் கட்டுதான் அவருக்குப் பாடநூல்.

எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய்

ஆனந்த விகடன் இதழை 1926ஆம் ஆண்டு தொடங்கியவர் பூதூர் வைத்தியநாதையர். வாசன் அதில் விளம்பரம் கொடுத்து வந்தார். ஒருமுறை விளம்பரம் வெளிவராமல் போகவே, காரணம் கேட்க அலுவலகத்துக்குச் சென்றார் என்றும், இதழே நின்றுபோயிருந்ததை அப்போதுதான் அறிந்தார் என்றும், அங்கேயே அதை விலைக்குக் கேட்டார் என்றும் சொல்வார்கள். 1928ஆம் ஆண்டு இதழ் அவர் கைக்கு வந்தது. விலை 200 ரூபாய். ஆனந்த விகடன் என்ற பெயரில் எட்டு எழுத்துகள். எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்கிட்டுக் கொடுத்தார் என்பது இன்றளவும் சொல்லப்படும் செய்தி.

நின்றுபோன இதழை வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்? அச்சு இயந்திரத்தையா, கட்டடத்தையா? ஒரு பெயரைத்தான் வாங்குகிறார். பெயருக்கு விலை உண்டு என்று அந்த வயதிலேயே வாசன் தெரிந்து வைத்திருந்தார். பின்னாளில் ஒரு திரைப்படத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைக் காணும்போது இது நம் நினைவுக்கு வரும்.

இதழ் மெல்ல வளர்ந்தது. 1931ஆம் ஆண்டு ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி ஆசிரியர் பொறுப்புக்கு வந்தார். மாலியின் கேலிச்சித்திரங்களும் தேவனின் நகைச்சுவையும் இதழுக்கு அழகு சேர்த்தன. படித்தவர்கள் தமிழ் இதழைக் கையில் வைத்திருக்கவே கூச்சப்பட்ட காலம் அது. அவர்களையும் சிரிக்க வைத்துத் தமிழ் படிக்க வைத்தது விகடன். நல்ல எழுத்து வாசகரைத் தங்க வைக்கும். ஆனால் முதன்முதலில் அவரை வாசல்வரை வரவழைப்பது எது? வாசன் அதற்குக் கண்ட விடைகளில் ஒன்றுதான் குறுக்கெழுத்துப் போட்டி.

பணமா? குணமா?

குறுக்கெழுத்துப் புதிர் அமெரிக்காவில் பிறந்தது. ஆர்தர் வின் என்பவர் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் வேர்ல்டு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். 1924இல் புதிர்கள் நூலாக வெளிவந்தபின் அமெரிக்கா முழுவதும் அதன் மோகம் பரவிற்று. பின்னர் அது கடல் கடந்து, இந்திய மொழிகளின் இதழ்களுக்கும் வந்து சேர்ந்தது. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் தமிழ்நாட்டில் பெரும் பரபரப்பை உண்டாக்கின. இதழின் விற்பனை உயர்ந்தது.

அக்காலத்துப் பரிசுப் போட்டிகள் இன்று நாம் காலைத் தேநீரோடு போட்டு முடிக்கும் புதிர்களைப் போன்றவை அல்ல. வழக்கமான புதிரில் ஒரு குறிப்புக்கு ஒரே விடைதான். பரிசுப் போட்டியிலோ ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று விடைகள் பொருந்தும். நானே ஓர் எடுத்துக்காட்டு அமைத்துப் பார்க்கிறேன். கல்யாணம் பேசும்போது முதலில் விசாரிக்கப்படுவது, மூன்றெழுத்துச் சொல், கடைசி இரண்டு எழுத்துகள் ணகரமும் மகரமும். முதல் கட்டம் காலி. பணமா? குணமா? இரண்டும் பொருந்துகின்றன. போட்டி நடத்துபவர் ஒரு விடையை முன்கூட்டியே எழுதி முத்திரையிட்டு வைத்திருப்பார். அவர் மனத்தில் இருப்பதே சரியான விடை. இப்படிப் பத்துக் கட்டங்களில் இரண்டிரண்டு வாய்ப்புகள் இருந்தால் மொத்தம் 1024 விதமாக நிரப்பலாம். ஒரு கூப்பன் போதுமா? இன்னொன்று வாங்கிப் பார்க்கலாமே என்று கை அரிக்கும். நுழைவுக் கட்டணமும் இருந்தால் ஆசை வளர வளரச் செலவும் வளரும்.

இங்கேதான் சிக்கல். அறிவுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு எந்த இடத்தில் சூதாட்டமாக மாறுகிறது? பரிசுப் போட்டிகள் மக்களின் பேராசையைத் தூண்டுகின்றன என்ற கண்டனம் அன்றே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாடு விடுதலை பெற்றபின் இந்திய அரசு 1955ஆம் ஆண்டு பரிசுப் போட்டிகளுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளை அச்சட்டம் தடை செய்தது. மற்றவற்றுக்கு உரிமம் கட்டாயம் என்றது. குறுக்கெழுத்துக் கட்டம் நாடாளுமன்றம் வரை போய்வந்தது என்றால் அதன் பின்னால் எவ்வளவு பணம் புரண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டத்தை நிரப்ப ஒருவர் சொற்களைத் தேட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அகராதியைப் புரட்ட வேண்டும். குறிலா நெடிலா, வல்லினமா இடையினமா என்று விரல்விட்டு எண்ண வேண்டும். கூப்பனுக்காக வாங்கிய இதழ் வீட்டில் கிடக்கும். அதிலுள்ள கதையை வீட்டுப் பெண்கள் படிப்பார்கள். பிள்ளைகள் படங்களைப் பார்ப்பார்கள். ஆசைக்காக உள்ளே நுழைந்த தாள் அறிவுக்காகத் தங்கிவிடும்.

இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். அங்கே தமிழ் வாரத்தில் ஓரிரு பாடவேளைகளாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டுகளில் என் தமிழ்ச் சொற்கள் முற்றிலும் துருப்பிடித்துப் போகாமல் காத்தவற்றுள் நாளிதழின் மாணவர் பகுதிக் குறுக்கெழுத்தும் ஒன்று. பரிசாக வந்த ஒரு பேனாவை விட, விடை தெரியாமல் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சொற்களே இன்றும் என்னிடம் இருக்கின்றன.

இதழிலிருந்து திரைக்கு

இதழையும் திரைப்படத்தையும் புதிராலும் பரிசாலும் இணைக்கும் வித்தையை அமெரிக்கத் திரையுலகம் தன் இளமைக் காலத்திலேயே கண்டுகொண்டது. 1912ஆம் ஆண்டு எடிசன் நிறுவனம் மேரி என்னும் பெண்ணின் கதையைத் தொடர்படமாக வெளியிட்டபோது, அதே கதையை ஒரு மகளிர் இதழும் வெளியிட்டது. அடுத்து மேரிக்கு என்ன நேரும் என்று சரியாக ஊகிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அவ்விதழ் அறிவித்தது. 1913ஆம் ஆண்டின் இறுதியில் கேத்லின் என்னும் வீரப்பெண்ணின் தொடர்படம் வந்தபோது சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் அக்கதையைத் தொடராக வெளியிட்டுத் தன் விற்பனையைப் பெருக்கிக்கொண்டது. 1914இல் வெளிவந்த மில்லியன் டாலர் மர்மம் என்ற தொடர்படத்துக்கோ, கதையின் முடிவைச் சிறப்பாக எழுதி அனுப்புபவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஓர் இளம்பெண் அப்பரிசை வென்றார். இதழ் வாங்கியவர் படம் பார்த்தார். படம் பார்த்தவர் இதழ் வாங்கினார்.

இந்த அமெரிக்கச் செய்திகளை வாசன் எந்த அளவு அறிந்திருந்தார் என்பதை விட, அவர் நடந்த பாதை அதே திசையில் சென்றது என்பதே கவனிக்கத்தக்கது. அவர் விகடனில் எழுதிய தொடர்கதை ‘சதி லீலாவதி’. 1936ஆம் ஆண்டு அது திரைப்படமாயிற்று. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். எம்.ஜி.ஆர் சிறு வேடமொன்றில் அறிமுகமான படம் அதுவே. அதன் கதையில் நமக்குத் தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. மதுவால் சீரழிந்த நாயகன் சென்னையிலிருந்து தப்பி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். கடல் கடந்து தோட்டத்துக்குப் போன தமிழனின் வாழ்க்கை அந்தக் காலத்திலேயே தமிழ்த்திரையில் இடம்பெற்றுவிட்டது. மலாயாவுக்கு ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வந்த படம் இது.

அடுத்து வந்தது ‘தியாகபூமி’. கல்கி எழுத, கே. சுப்பிரமணியம் இயக்கிய படம். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே கதை விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே புகைப்படங்களாக அச்சேறின. வாசகர்கள் வாரந்தோறும் பாத்திரங்களின் முகங்களைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். 1939இல் படம் வெளிவந்தபோது அவர்கள் அறிமுகமானவர்களைச் சந்திக்கப் போவது போலக் கொட்டகைக்குப் போனார்கள். விடுதலை உணர்வை ஊட்டிய அப்படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடை செய்தது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்ற கேள்வியும் ஒரு காலிக் கட்டம்தானே? அதை நிரப்பும் ஆவலை இதழ் உண்டாக்கியது. திரை நிறைவு செய்தது.

பெயர் முதலில், கதை பிறகு

படங்களை விநியோகம் செய்துகொண்டிருந்த வாசன், தீவிபத்தில் சிதைந்து ஏலத்துக்கு வந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்தை விலைக்கு வாங்கி, 1940களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோ என்று பெயர் சூட்டினார். குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், தம் குதிரை ஒன்றின் நினைவாக அப்பெயரை வைத்தார் என்று சொல்வதுண்டு. இரு சிறுவர்கள் ஊதுகுழல் ஊதும் ஜெமினி சின்னத்தைப் பழைய படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். ‘நந்தனார்’, ‘மங்கம்மா சபதம்’ போன்ற படங்கள் அங்கிருந்து வந்தன.

அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய பந்தயம் ‘சந்திரலேகா’. அதன் பிறப்பே விந்தையானது. கதை இலாகாவினர் சொன்ன ஒரு கதை வாசனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் நாயகியின் பெயர் பிடித்துவிட்டது. கதையை ஒதுக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 1943ஆம் ஆண்டு விளம்பரம் செய்துவிட்டார். அதன் பிறகுதான் கதை தேடினார்கள். வேப்பத்தூர் கிட்டு என்பவர் ரெனால்ட்ஸ் எழுதிய ஆங்கில நாவலொன்றிலிருந்து கருவை எடுத்துக்கொடுத்தார். பெயர் என்னும் காலிக் கட்டத்தை முதலில் வரைந்துவிட்டு, அதற்குப் பொருந்தும் கதையை வாசனே தேடி நிரப்ப வேண்டியிருந்தது!

படம் வளர்ந்துகொண்டே போனது. முதலில் இயக்கியவர் விலகவே, வாசனே இயக்குநர் பொறுப்பை ஏற்றார். சர்க்கஸ் காட்சிகளுக்காகச் சர்க்கஸ் குழுவையே அழைத்து வந்தார். புகழ்பெற்ற முரசு நடனத்தில் 400 பேர் ஆடினார்கள். அதற்கு ஆறு மாதம் ஒத்திகை நடந்தது. செலவு 30 லட்சம் ரூபாயை எட்டியது. சொத்துகளை அடகு வைக்க வேண்டிய நிலையும் வந்தது. ஐந்தாண்டுகள் மக்கள் சந்திரலேகா என்ற பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தென்னிந்தியாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கொட்டகைகளில் படம் ஒரே நேரத்தில் வெளியானது. டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தனர். கூட்டம் அலைமோதியது. ஆனால் போட்ட பணம் தமிழில் மட்டும் திரும்பவில்லை. வேறொருவர் துவண்டிருப்பார். வாசன் அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இந்திப் பதிப்பை வெளியிட்டார். அதற்காக ஏராளமான படிகள் எடுக்கப்பட்டன. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், தெருவெங்கும் சுவரொட்டிகள், அச்சிட்ட கையேடுகள் என்று வட இந்தியா இதுவரை கண்டிராத அளவில் விளம்பரம் செய்தார். படம் பெரும் வெற்றி பெற்றது. சென்னையில் எடுத்த படம் இந்தியா முழுவதையும் வெல்ல முடியும் என்று அது காட்டியது. பிறகு வந்த தென்னகத் தயாரிப்பாளர்களுக்கு வடக்கே கதவு திறந்துவிட்டவர் வாசன்தான்.

ஜெமினியில் இத்தகைய விளம்பரத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு சான்று. பின்னாளில் பெரும் எழுத்தாளரான அசோகமித்திரன் அங்குப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். நாளிதழ்களில் வரும் செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருடைய வேலைகளுள் ஒன்று. தபால் கட்டைப் பாடநூலாகப் படித்தவரின் நிறுவனத்தில், பத்திரிகைத் துண்டுகளுக்கு ஓர் ஆள் இருந்ததில் வியப்பில்லை.

தோட்டத்துத் திடலில்

இந்தக் கதைக்கும் சிரம்பானுக்கும் ரந்தாவுக்கும் பகாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு.

1930களில் மலாயாத் தோட்டத்தில் ஓர் ஆணின் நாள்கூலி 50 காசு அளவில் இருந்தது. ரப்பர் விலை சரிந்த மந்தக் காலத்தில் அதுவும் குறைந்தது. அந்தக் கூலியில் இதழ் வாங்குவது எளிதன்று. கிராணி வீட்டிலோ பள்ளி ஆசிரியர் வீட்டிலோ வந்து சேர்ந்த ஓர் இதழ் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, லயத்துக்கு வந்து சேரும். எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். பிறகு தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டும் வழக்கம் பரவியது. கோயில் திருவிழா என்றால் கட்டாயம் படம் உண்டு. அன்று வீட்டுக்கொரு பாயைக் கொண்டுபோய் மாலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். துணியின் முன்புறம் இடமில்லாவிட்டால் பின்புறம் உட்கார்ந்து, எல்லாரும் இடக்கையால் வாள் வீசுவதைப் பார்த்தவர்களும் உண்டாம்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போகும் மக்களுக்குக் குதிரைகளும் அரண்மனைகளும் முரசு மேல் ஆடும் பெண்களும் எதற்கு என்று கேட்பது சுலபம். தம் படங்கள் படிப்பாளிகளுக்கு அல்ல, உழைக்கும் எளிய மக்களுக்கே என்பதை வாசன் மறைத்ததில்லை. நாளெல்லாம் உழைத்தவன் கொடுக்கும் காசுக்குக் கண் நிறைய ஏதாவது தர வேண்டும் என்பது அவர் கொள்கை. அது வணிகக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் எளியவன் கணக்கில் சேர்க்கப்பட்டான். துரைமாரின் ஏட்டில் வெறும் எண்ணாக மட்டுமே இருந்த மனிதனை, ரசிக்கத் தெரிந்தவன் என்று மதித்து முன்வரிசையில் உட்கார வைத்தது அந்த வெள்ளைத் துணி.

நிறைவுக் காலம்

சந்திரலேகாவுக்குப் பின்னும் வாசன் ஓய்ந்துவிடவில்லை. 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடிப்பில் ‘ஔவையார்’ வெளிவந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடி ஓதிய ஒவ்வொருவருக்கும் ஔவைப்பாட்டி என்றதும் கண்முன் வரும் உருவத்துக்கு அப்படத்தின் பங்கு கணிசமானது. பிரம்மாண்டம் வேண்டும், பெண்களின் நடனம் வேண்டும் என்று கூட்டம் கேட்ட காலத்தில், நாயகியே ஒரு மூதாட்டியாக இருக்கும் படத்துக்குப் பெரும்பொருளைச் செலவிட்டார். 1958இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ வந்தது. 1959இல் இந்தியில் ‘பைகாம்’, 1960இல் தமிழில் ‘இரும்புத்திரை’ ஆகிய படங்கள் ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பூசலைப் பேசின. முதலாளியாகிய ஒருவர் தொழிலாளியின் கோரிக்கையைக் கதையாக்கியது குறிப்பிடத்தக்கது.

இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராகவும், 1964 முதல் மாநிலங்களவை உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் மறைந்தார். அவர் நூற்றாண்டையொட்டி 2004இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. தபாலில் தொடங்கிய வாழ்க்கைக்குத் தபால்தலையே சிறப்புச் செய்தது பொருத்தம்தான். ஸ்டூடியோ பின்னாளில் மூடப்பட்டு, அவ்விடத்தில் வேறு கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆயினும் 1973இல் அருகே கட்டிய மேம்பாலத்தைச் சென்னை மக்கள் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர். விகடனும் இன்றுவரை வெளிவருகிறது.

நாம் நிரப்ப வேண்டிய கட்டம்

வாசனின் வாழ்க்கையை எப்படி எடைபோடுவது? பணமா, குணமா என்று நான் மேலே காட்டிய கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அவரைப் பணம் என்று மட்டும் எழுதி முடிப்பவர்கள் உண்டு. போட்டி வைத்ததும் பரிசு காட்டியதும் விளம்பரம் செய்ததும் பணத்துக்காகவே என்பார்கள். குணம் என்று மட்டும் எழுதுபவர்களும் உண்டு. முத்திரையிட்ட உறை எதுவும் நம்மிடம் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். ஆசை காட்டி அழைப்பதில் வணிகர் எல்லாரும் ஒன்றுதான். அழைத்தபின் வந்தவருக்கு என்ன கொடுத்தார் என்பதில்தான் வேறுபாடு. கூப்பனுக்காக வந்தவருக்குக் கல்கியின் எழுத்தையும் மாலியின் கோட்டையும் தேவனின் சிரிப்பையும் கொடுத்தவர் வாசன். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு ஔவையைக் கொடுத்தவர். ஒன்றும் கொடுக்காமல் அவரைப் போலவே அழைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் இன்று நம் நினைவில் இல்லை.

தமிழ்மொழிக்காகக் கூடியிருக்கும் மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனதை நாம் கண்டோம். தமிழ் இதழ்களுக்கு வாசகர் இல்லை என்று மேடைதோறும் வருந்துகிறோம். வருத்தம் ஒரு வாசகரைக்கூட உருவாக்காது. நம் நிகழ்ச்சிகளுக்கும் நம் வெளியீடுகளுக்கும் அறிவுரையை மட்டும் அழைப்பிதழாக அனுப்பினால் யார் வருவார்? தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளியில் தமிழைப் பாதி மறந்து, இன்று நம் பல்கலைக்கழக வளாகத்தில் தயங்கி நிற்கும் முதலாண்டு மாணவரை உள்ளே அழைக்க ஒரு புதிர், ஒரு விளையாட்டு, ஒரு சிறு பரிசு போதுமானால் அதை வைப்பதில் இழுக்கில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தபின் படிக்க நல்ல எழுத்து இருக்க வேண்டும். அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. நிரப்ப வேண்டியவர்கள் நாம்தாம்.